மௌன நகைச்சுவைப் பட போஸ்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்லி சாப்ளின், பஸ்டர் கீட்டன், ஹரால்ட் லாயிட் காலத்துப் போஸ்டர்களைப் பற்றி நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் 1914 முதல் 1929 வரை அமெரிக்காவில் அச்சான போஸ்டர்கள்தான் பேச்சு. பிரான்ஸும் சோவியத் நாடும் இடையில் வந்துபோகும். இந்தக் காகிதங்கள் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. பேச்சில்லாமல் நடித்தவரை அசைவும் இல்லாமல் ஒரு சுவரில் நிறுத்தி, தெருவில் போகிறவரைச் சிரிக்க வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்து முடித்த ஓவியர்களில் பலருக்கு இன்று பெயர்கூட இல்லை. அதனால்தான் பதில்கள் சில இடங்களில் நீண்டுவிட்டன.

முதல் சினிமா போஸ்டரே ஒரு நகைச்சுவைப் படத்துக்குத்தான் என்கிறார்களே, உண்மையா?

ஒரு குறிப்பிட்ட படத்தின் காட்சியைக் காட்டிய முதல் போஸ்டர் என்று கேட்டால், ஆமாம். லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரீஸ் கிராண்ட் கஃபேயில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துக் குறும்படங்களில் ஒன்று, தோட்டக்காரர் மேல் தண்ணீர் பீய்ச்சும் கதை. தோட்டக்காரர் ரப்பர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றதும் அவர் குழாய் வாயை உற்றுப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். அவ்வளவுதான் படம், ஒரு நிமிடம்கூட இல்லை.

அதற்கு மார்செலின் ஓசோல் என்ற ஓவியர் வரைந்த போஸ்டரில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. திரையில் தோட்டக்காரர் முகத்தில் தண்ணீர் அடிக்கிறது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சினிமா என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் படத்தை மட்டும் வரைந்து காட்டினால் போதாது, அதைப் பார்க்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் காட்ட வேண்டும் என்று ஓசோல் யோசித்திருக்கிறார். எனக்குத் தெரிந்த சினிமா விளம்பரங்களில் இதைவிடப் புத்திசாலித்தனமானது குறைவு.

அதற்கு முன்பும் போஸ்டர்கள் உண்டு. 1892-இல் எமில் ரேனோவின் 'ஒளி ஊமை நாடக' நிகழ்ச்சிக்கு ழூல் ஷெரே வரைந்தது புகழ்பெற்றது. ஆனால் அது கேமராவில் எடுத்த படம் இல்லை. கையால் வரைந்த சித்திரங்களை ஓடவிட்ட காட்சி.

அந்தக் காலத்தில் போஸ்டரை எப்படி அச்சிட்டார்கள்?

கல்லில். நம் வீட்டுப் பூஜை அறைகளில் மாட்டியிருந்த ரவி வர்மா லட்சுமி, சரஸ்வதி படங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகம் எந்த முறையில் அந்தப் படங்களை அடித்ததோ, அதே லித்தோ முறையில்தான் கிளீவ்லாந்திலும் நியூயார்க்கிலும் சாப்ளின் அச்சானார்.

அலோய்ஸ் செனஃபெல்டர் 1790-களின் கடைசியில் பவேரியாவில் கண்டுபிடித்த முறை இது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பிசுக்குள்ள கிரேயானால் ஓவியத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். பிறகு கருவேலம் பிசினும் அமிலமும் கலந்து பூசுவார்கள். கல்லை ஈரமாக்கி மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும், மற்ற இடத்தைத் தண்ணீர் காப்பாற்றிவிடும். காகிதத்தை அதன்மேல் வைத்து அழுத்தினால் படம்.

இது ஒரு நிறத்துக்கு மட்டும். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. சாப்ளினின் கன்னத்தில் வரும் அந்த இளஞ்சிவப்புக்குத் தனியாகவும் ஒரு கல் இருக்கலாம். ஒவ்வொரு தாளும் அத்தனை முறை இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் மூக்கு ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம். நல்ல கற்கள் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் பகுதியிலிருந்து வந்தன. பின்னாளில் கல்லுக்குப் பதிலாகத் துத்தநாகத் தகடும் வந்தது.

இந்த அச்சகங்கள் சினிமாவுக்காகத் தோன்றியவை இல்லை. சின்சினாட்டியின் ஸ்ட்ரோபிரிட்ஜ் போன்றவை சர்க்கஸுக்கும் நாடகத்துக்கும் போஸ்டர் அடித்துப் பெயர் வாங்கியவை. கிளீவ்லாந்தின் மார்கன், ஓடிஸ், நியூயார்க்கின் ரிட்சி எல்லாம் படப் போஸ்டர்களில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். மௌன நகைச்சுவைப் போஸ்டரில் சர்க்கஸ் வாடை அடிப்பதற்கு இதுதான் காரணம். கோமாளியையும் சிங்கத்தையும் வரைந்து பழகிய கைகள்தான் புது நடிகர்களையும் வரைந்தன.

ஒன் ஷீட், த்ரீ ஷீட் என்பதெல்லாம் என்ன?

அளவு. அமெரிக்காவில் ஒன் ஷீட் என்றால் 27 அங்குல அகலம், 41 அங்குல உயரம். த்ரீ ஷீட் 41-க்கு 81. சிக்ஸ் ஷீட் 81-க்கு 81. சாலையோரப் பெரிய பலகைக்கு 24 ஷீட், அது ஏறக்குறைய 9 அடி உயரம், 20 அடி அகலம். பெரியவற்றைத் துண்டு துண்டாக அச்சிட்டுச் சுவரில் சேர்த்து ஒட்டுவார்கள்.

நம் ஊர்ச் சினிமாக்காரர்களும் '6 ஷீட் போஸ்டர்' என்று சொல்வார்கள். அளவு வேறாக இருந்தாலும் ஷீட் கணக்கு ஒன்றுதான்.

இவை தவிர, கடைக் கண்ணாடியில் வைக்க 14-க்கு 22 அங்குலத்தில் கெட்டி அட்டை. தியேட்டர் நடையில் மாட்ட 11-க்கு 14-இல் லாபி கார்டு, பெரும்பாலும் எட்டு சேர்ந்தது ஒரு செட். நம் தியேட்டர்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்டில்கள் இருக்குமே, அதற்கு அண்ணன் முறை.

படம் கறுப்பு வெள்ளை. போஸ்டர் மட்டும் ஏன் இவ்வளவு வண்ணம்?

தெருவில் கவனத்தை இழுக்கத்தான். சோப்பு விளம்பரம், சர்க்கஸ் விளம்பரம், தேர்தல் விளம்பரம் எல்லாம் ஒரே சுவரில் போட்டி போட்ட காலம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைய படங்கள் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக ஓடியவையும் இல்லை. இரவுக் காட்சிக்கு நீலம், நெருப்புக்குச் சிவப்பு என்று பிலிமையே சாயத்தில் முக்கி எடுக்கும் வழக்கம் இருந்தது.

மற்றப் படங்களின் போஸ்டருக்கும் நகைச்சுவைப் பட போஸ்டருக்கும் என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

காதல் படத்துக்கோ சண்டைப் படத்துக்கோ போஸ்டர் வரைகிறவர் கதையிலிருந்து ஒரு கணத்தை எடுத்துக்கொள்வார். முத்தம், கத்திக்குத்து, குதிரைப் பாய்ச்சல். நகைச்சுவைக்கு அது கைகொடுக்காது. ஒருவர் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறார் என்றால், சிரிப்பு விழுவதில் மட்டும் இல்லை. அதற்கு முந்தைய நடையிலும் பிந்தைய முகத்திலும் இருக்கிறது. அசையாத ஒரு படத்தில் அந்த 'முன்'னும் 'பின்'னும் கிடையாது. காட்சியை அப்படியே வரைந்தால் அது ஒரு விபத்தின் படமாகத்தான் நிற்கும்.

அதனால் ஓவியர்கள் காட்சியை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். உருண்டைத் தொப்பி, இறுக்கமான கோட்டு, தொளதொள கால்சட்டை, பெரிய பூட்ஸ், மூங்கில் பிரம்பு. இவ்வளவு போதும், முகமே தேவையில்லை. வட்டமான தடித்த சட்டக் கண்ணாடியும் வைக்கோல் தொப்பியும் என்றால் லாயிட். தட்டையான தொப்பியும் சிரிக்காத முகமும் என்றால் கீட்டன். பென் டர்பினுக்கு ஒன்றரைக் கண், ரோஸ்கோ ஆர்பக்கிளுக்குப் பருத்த உடம்பு. எழுதப் படிக்கத் தெரியாதவரும், இங்கிலீஷ் தெரியாமல் புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவரும் பத்தடி தூரத்திலிருந்தே இது யார் படம் என்று சொல்லிவிடுவார்கள்.

மௌன நகைச்சுவை நடிகர் தன் உருவத்தை ஒரு நிழலுருவாகச் செதுக்கிக்கொண்டவர். திரையில் பேச முடியாது, தூரத்து ஷாட்டிலும் அடையாளம் தெரிய வேண்டும், ஆகவே உடம்பின் வெளிக்கோடே அவருக்குக் குரல். போஸ்டர் ஓவியர் அந்தக் கோட்டைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார். அதனால் இந்தப் போஸ்டர்களை விளம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. படத்தில் ஓடும் அதே கலை இங்கே நின்றுகொண்டிருக்கிறது. சாப்ளினை நம்மில் எத்தனை பேர் முதலில் திரையில் பார்த்தோம்? ஏதோ ஒரு சுவரிலோ அட்டையிலோ அந்தத் தொப்பியையும் மீசையையும் பார்த்தவர்கள்தான் அதிகம்.

கீட்டனின் முகம் ஓவியர்களுக்குச் சிக்கல். சிரிக்க மாட்டார், அழ மாட்டார். நல்ல கீட்டன் போஸ்டர்களில் அவர் அசையாமல் இருக்க, சுற்றியிருக்கிற ரயிலும் புயலும் கூட்டமும் தலைகீழாகப் போகும். சுமாரான ஓவியர்கள் அவருக்குக் கார்ட்டூன் முகம் வைத்துவிட்டார்கள். அது கீட்டனே இல்லை.

லாயிடைப் பற்றியும் ஒன்று. 1923-இல் வந்த 'சேஃப்டி லாஸ்ட்' படத்தில் அவர் உயரமான கட்டடத்தின் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குவது உலகம் முழுக்கத் தெரிந்த காட்சி. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1919-இல், விளம்பரப் புகைப்படம் எடுப்பதற்காகப் பொம்மை வெடிகுண்டு என்று நினைத்துக் கையில் பிடித்தது நிஜமாகவே வெடித்து, வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. பிறகு செயற்கை விரல் வைத்த கையுறை போட்டுக்கொண்டுதான் நடித்தார். ஒரு விளம்பரப் படத்துக்காக அவர் கொடுத்த விலை அது. அவருடைய போஸ்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தக் கைக்குத்தான் போகிறது.

'தி கிட்' போஸ்டரில் '6 ரீல் ஆனந்தம்' என்று இருக்கிறதே, அதில் என்ன பெருமை?

அன்றைய நகைச்சுவைப் படம் பெரும்பாலும் ஒரு ரீல் அல்லது இரண்டு ரீல். ஒரு ரீல் ஏறக்குறைய 1000 அடி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். பெரிய படத்துக்கு முன்னால் ஊறுகாய் மாதிரி போடுவார்கள். 1921-இல் சாப்ளின் அதை ஆறு ரீலுக்கு இழுத்து, சிரிப்போடு அழுகையையும் வைத்தார். ஜனங்கள் உட்காருவார்களா என்ற கேள்வி இருந்தது. 'இந்தப் படத்துக்காக ஓராண்டு உழைத்திருக்கிறார்' என்ற அறிவிப்பும், '6 ரீல்' என்ற கணக்கும் அதனால்தான் போஸ்டரில் ஏறின.

படத்தைப் பாருங்கள். சாப்ளினும் சிறுவன் ஜாக்கி கூகனும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். விழுவதும் இல்லை, உதைப்பதும் இல்லை. நகைச்சுவைப் படத்துக்கு இவ்வளவு அமைதியான போஸ்டர் ஒட்டத் துணிந்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

தியேட்டர் வாசலில் சாப்ளின் கட்-அவுட் வைப்பார்களாமே?

வைத்தார்கள். ஆளுயர அட்டைச் சாப்ளின், கூடவே 'இன்று நான் இங்கே இருக்கிறேன்' என்ற வாசகம். 1910-களின் நடுவில் அமெரிக்கத் தியேட்டர்காரர்களுக்கு இதைவிட வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. என்ன படம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், ஆள் வந்திருக்கிறார் என்றால் போதும். இதைக் கேட்டதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மவுண்ட் ரோடு கட்-அவுட்டுகள் ஞாபகம் வரும். அளவில் நம்முடையவை மலை மாதிரி, ஆனால் செய்தி அதேதான்.

படத்தின் பெயர் எழுதும் இடத்தை வெற்றாக விட்டு, சாப்ளின் உருவத்தை மட்டும் அச்சடித்த பொதுப் போஸ்டர்களும் இருந்தன. எந்தப் படம் ஓடுகிறதோ அதன் பெயரைத் தியேட்டரில் எழுதிக்கொள்வார்கள்.

போலிச் சாப்ளின்கள் இருந்தது உண்மையா?

நிறைய. பில்லி வெஸ்ட் என்பவர் மீசை, நடை, பிரம்பு எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து நடித்தார். அதற்கும் ஒரு படி மேலே போய், சார்ல்ஸ் அமடோர் என்ற நடிகர் 'சார்லி ஆப்ளின்' என்று பெயர் வைத்துக்கொண்டார். போஸ்டரில் தூரத்திலிருந்து படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? சாப்ளின் வழக்குப் போட்டார். கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் 1925-இல் அவர் பக்கம் தீர்ப்பானது, 1928-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஒரு தொப்பியும் மீசையும் பெயரும் சேர்ந்து ஜனங்களை ஏமாற்ற முடியும் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. உருவம்தான் சொத்து என்று மேலே சொன்னேனே, அதற்குச் சட்டச் சான்று இது.

அசல் சாப்ளின் படங்களிலும் ஒரு குழப்பம் உண்டு. 1914-இல் கீஸ்டோன் தயாரித்த 'டில்லீஸ் பங்க்சர்ட் ரொமான்ஸ்' படத்தின் நாயகி மேரி டிரெஸ்லர். சாப்ளின் அதில் வில்லன் மாதிரி. அவர் புகழ் உச்சிக்குப் போனபின் வந்த மறுவெளியீட்டுப் போஸ்டர்களில் அவர் பெயர் மேலே ஏறிவிட்டது. ஆகவே பழைய போஸ்டர் கையில் கிடைத்தால், அது முதல் வெளியீடா மறுவெளியீடா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இவற்றை வரைந்தவர்கள் யார்?

பெரும்பாலோர் கையெழுத்துப் போடவே இல்லை. அச்சகத்தின் சம்பளக்காரர்கள். ஸ்டுடியோ அனுப்பும் சில ஸ்டில்களைப் பார்த்து, படத்தையே பார்க்காமல் வரைந்தவர்கள் நிறைய. போஸ்டரில் இருக்கும் காட்சி படத்தில் வராமல் போவதும் அதனால்தான்.

பெயர் தெரிந்த சிலர் உண்டு. யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு வரைந்த ஹாப் ஹாட்லியின் கேலிச்சித்திரக் கோடு கீட்டன் படங்களுக்கு அழகாகப் பொருந்தியது. பின்னாளில் நியூயார்க் நாடக உலகின் ஓவியராகப் புகழ்பெற்ற அல் ஹிர்ஷ்ஃபெல்டும் இளமையில் ஸ்டுடியோ விளம்பரப் பிரிவுகளில் வேலை பார்த்தவர், லாரல்-ஹார்டியை வரைந்தவர். மற்றவர்களின் பெயர் அச்சகத்தின் பெயருக்குள் கரைந்துவிட்டது. எனக்கு இது எப்போதும் வருத்தம்தான்.

சோவியத் போஸ்டர்கள் ஏன் அவ்வளவு வித்தியாசமாக இருக்கின்றன?

விளாதிமிர், கியோர்கி என்ற ஸ்டென்பர்க் சகோதரர்கள்தான் முக்கியக் காரணம். 1920-களில் ஹாலிவுட் நகைச்சுவைப் படங்கள் மாஸ்கோவிலும் ஓடின. கீட்டனின் 'தி ஜெனரல்' படத்துக்கு 1929-இல் இவர்கள் போஸ்டர் வரைந்தார்கள். போரிஸ் பார்னெட் போன்ற சோவியத் இயக்குநர்களின் நகைச்சுவைப் படங்களுக்கும் வரைந்தார்கள். அவர்கள் நாட்டு அச்சகங்களில் புகைப்படத்தைப் பெரிதாக நன்றாக அச்சிட வசதி இல்லை. அதனால் தாங்களே ஒரு புரொஜெக்டர் செய்து, படத்தின் ஒரு ஃபிரேமைக் காகிதத்தில் விழவைத்து, சாய்த்து, நீட்டி, அதன்மேல் கையால் வரைந்தார்கள். பார்த்தால் புகைப்படம் மாதிரி இருக்கும், ஆனால் அத்தனையும் கைவேலை. சில நேரம் பிற்பகலில் படம் பார்த்துவிட்டு மறுநாள் காலைக்குள் போஸ்டர் கொடுத்தாக வேண்டுமாம்.

அமெரிக்கப் போஸ்டர் நடிகரைக் காட்டியது. ஸ்டென்பர்க் போஸ்டர் வேகத்தைக் காட்டியது. எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், கண்ணுக்கு ஸ்டென்பர்க், சிரிப்புக்கு அமெரிக்கக்காரர்கள். கியோர்கி 1933-இல் விபத்தில் இறந்துபோனார்.

ஐரோப்பியப் போஸ்டர்களில் நடிகர் பெயரே வேறாக இருக்கிறதே?

ஒவ்வொரு நாட்டிலும் ஒரு செல்லப்பெயர் வைத்தார்கள். பிரான்ஸில் சாப்ளின் 'ஷார்லோ'. கீட்டன் பிரான்ஸில் 'மலேக்', ஸ்பெயினில் 'பம்ப்ளினாஸ்'. லாயிட் பிரான்ஸில் வெறும் 'லுயி', அதாவது 'அவன்'. பேச்சில்லாப் படத்தில் வசன அட்டையை மாற்றினால் ஆள் உள்ளூர்க்காரராகிவிடுவார். பெயரையும் மாற்றிக்கொண்டால் இன்னும் நெருக்கம்.

பெண் நகைச்சுவை நடிகர்களுக்குப் போஸ்டர் உண்டா?

உண்டு, மேபல் நார்மண்டைத் தேடிப் பாருங்கள். கீஸ்டோனில் சாப்ளினுக்கு முன்பே நட்சத்திரம், 1914-இல் படங்களை இயக்கவும் செய்தவர். 1918-இல் வந்த 'மிக்கி' பெரிய வெற்றி. மேரியன் டேவிஸின் 1928-ஆம் ஆண்டுப் படங்களும் இருக்கின்றன.

இவ்வளவு அச்சடித்தும் ஏன் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன?

வைத்துக்கொள்ளும் பொருளாக யாரும் அவற்றை நினைக்கவில்லை. தியேட்டர்காரர் போஸ்டரைப் பட விநியோக அலுவலகத்திலிருந்து வாங்குவார், படம் முடிந்ததும் பலர் திருப்பிக் கொடுப்பார்கள், அது அடுத்த ஊருக்குப் போகும். கிழியும்வரை ஓடும். சுவரில் ஒட்டியதன்மேல் அடுத்த வாரப் போஸ்டர் ஏறும். இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதத்தையெல்லாம் திரட்டிக் கூழாக்கினார்கள். காகிதமும் மரக்கூழில் செய்த மலிவுச் சரக்கு, அதிலிருக்கும் அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும்.

மிஞ்சியவை பெரும்பாலும் தற்செயலாக மிஞ்சியவை. குளிர் தாங்கச் சுவருக்குள் திணித்தவை, தரைவிரிப்புக்கு அடியில் போட்டவை. பென்சில்வேனியாவின் பெர்விக் ஊரில் ஒரு வீட்டுப் பரணில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையால் ஒட்டியிருந்த 33 போஸ்டர்கள் கிடைத்தன. 2012-இல் அவை ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போயின. அவை 1930-களின் பேசும் படங்கள்தான். என்றாலும் பழைய போஸ்டர் எங்கே, எப்படி உயிரோடு இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

படமே அழிந்து போஸ்டர் மட்டும் மிஞ்சியதுண்டா?

உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அங்கே வெளியான முழுநீள மௌனப் படங்கள் ஏறக்குறைய 10,900. அவற்றில் முதலில் வெளியான வடிவத்திலேயே முழுமையாக இருப்பவை 14 சதவீதம்தான். அன்று படம் எடுத்த நைட்ரேட் பிலிம் தீப்பிடிக்கும், தானாகவே உளுத்தும் போகும். பேசும் படம் வந்ததும் பழையவற்றைக் காப்பாற்ற யாருக்கும் அக்கறை இல்லை.

லாரலும் ஹார்டியும் சேர்ந்து நடித்த 'ஹேட்ஸ் ஆஃப்' (1927) இன்று இல்லை. ஹாரி லாங்டனின் 'ஹார்ட் டிரபிள்' (1928) இல்லை. இப்படிப் போன படங்களைத் தேடுகிறவர்களுக்கு ஸ்டில்லும் விளம்பரக் காகிதமும்தான் மிச்சம். நாலணாப் பெறாது என்று கிழித்துப்போட்ட போஸ்டர் சில படங்களுக்கு ஒரே சாட்சியாகிவிட்டது.

எல்லாப் போஸ்டரும் ரசிக்கத்தக்கதா?

இல்லை. கறுப்பின மக்களையும் சீனர்களையும் யூதர்களையும் இழிவாகக் காட்டும் கேலிச்சித்திரங்கள் அந்தக் காலப் போஸ்டர்களில் கணிசமாக உண்டு. அச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றை நான் வீட்டில் மாட்ட மாட்டேன். ஆவணக்காப்பகத்தில் விளக்கத்தோடு இருக்க வேண்டியவை அவை.

இந்தப் படங்கள் நம் ஊரில் ஓடினவா?

ஓடின. 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரமும் புரொஜெக்டரும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1913-இல் மதராஸ் மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர், அடுத்த ஆண்டு ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி. அங்கெல்லாம் ஓடியதில் பெரும்பகுதி வெளிநாட்டுப் படம். 1927-28-இல் மதராஸ் வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார் தலைமையில் நாடெங்கும் விசாரித்த சினிமா குழுவும், சாப்ளினுக்கும் லாயிடுக்கும் இங்கே இருந்த மவுசைக் கேட்டுப் பதிவு செய்தது.

விளம்பரம் பெரும்பாலும் மாட்டுவண்டிதான். வண்டியில் தட்டி கட்டி, தப்பட்டையோ பாண்டு வாத்தியமோ முழங்க, பிட் நோட்டீஸை விசிறிக்கொண்டே போவார்கள். மௌனப் படத்துக்கு நம் ஊர் விளம்பரம் சத்தத்தோடு வந்தது!

கையில் இருப்பது அசலா நகலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லென்ஸ் வாங்குங்கள், பத்து மடங்கு பெரிதாக்கினால் போதும். கல்லச்சில் கிரேயான் தேய்த்த மாதிரி ஒழுங்கில்லாத மணல்மணலான புள்ளி தெரியும். இன்றைய ஆஃப்செட் நகலில் வரிசை பிசகாத புள்ளிகள், பூப்பூவாக.

அப்புறம் அளவு. 24-க்கு 36 அங்குலம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது இன்றைய கடைச் சரக்கு. 27-க்கு 41-க்குக் கிட்டத்தட்ட இருக்க வேண்டும். மடித்த தடம் இருப்பது குறையில்லை, அன்று மடித்துத்தான் அனுப்பினார்கள். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற பெயரும் ஆண்டைக் குறிக்கும் எண்ணும் இருந்தால் அது மௌனக் காலத்தது இல்லை. அந்த நிறுவனம் போஸ்டர் விநியோகத்தை எடுத்துக்கொண்டது 1940-இல்தான்.

நான் ஒருமுறை பழம்பொருள் கடையில் 'அசல் 1925' என்று சொன்னதை நம்பி ஒரு சாப்ளினை வாங்கினேன். வீட்டில் லென்ஸ் வைத்ததும் பூப்பூவான புள்ளிகள். காகிதத்துக்குத் தேயிலைத் தண்ணீரில் பழுப்பு ஏற்றியிருந்தார்கள். பணம் போனதைவிட, ஒரு நல்ல ஓவியத்தை அப்படிப் பொய் சொல்ல வைத்தார்களே என்றுதான் மனம் கசந்தது. சட்டம் போட்டு, கண்ணாடிக்குள் அடைத்து, பிரித்துக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

செலோ டேப் கூடவே கூடாது. அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கினால் எடுக்க முடியாது. சூடான லாமினேஷனும் வேண்டாம். வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது, சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். நம் ஊர் ஈரத்துக்கு இராமபாணப் பூச்சியும் கரையானும் காத்துக்கொண்டிருக்கும். அமிலம் நீக்கிய அட்டைக்கும் பாலியெஸ்டர் உறைக்கும் நடுவே, தரையை ஒட்டாத அலமாரியில், படுக்க வைத்திருங்கள்.

கிழிந்திருந்தால் துணி ஒட்டு உண்டு. போஸ்டரைச் சுத்தம் செய்து, ஜப்பானியக் காகிதத்தின் மேலும் பிறகு கித்தான் துணியின் மேலும் மாவுப் பசையால் ஒட்டுவார்கள். தண்ணீரில் திரும்பப் பிரிக்கக்கூடிய பசையாக இருக்க வேண்டும், அதுதான் விதி. பழகிய கையிடம் மட்டும் கொடுங்கள்.

அசலை எங்கே பார்க்கலாம்?

அமெரிக்காவில் நாடாளுமன்ற நூலகத்திலும், ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகத்திலும் பெரிய சேகரிப்புகள் உண்டு. பாரீஸில் சினிமாதெக் பிரான்சேஸ். சுவிட்சர்லாந்தில் சாப்ளின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு 2016 முதல் அருங்காட்சியகம். நம் பக்கத்துப் பழைய சினிமாக் காகிதங்களுக்குப் புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகமும் சென்னை ரோஜா முத்தையா நூலகமும். அமெரிக்க நூலகப் படங்கள் பலவற்றைப் பெரிய அளவில் இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

இறக்கிப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டலாமா?

தாராளமாக. அமெரிக்கச் சட்டப்படி அங்கே வெளியாகி 95 ஆண்டு கடந்தவை பொதுவுடைமை. 1929 வரை வெளியானவை 2025-இலேயே அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டன. இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டு என்பது வேறு கணக்கு. டி-ஷர்ட்டில் போட்டு விற்பதென்றால் சாப்ளின் குடும்ப நிறுவனம் அவர் உருவத்துக்கான உரிமையைக் கவனமாகக் காத்துவருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிண்ட் போடும்போது ஒன்று செய்யுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், மங்கல் தாளில் முழு 27-க்கு 41 அளவிலேயே எடுங்கள். ஏ4-இல் பார்த்தால் வெறும் படம்தான். அந்த அளவில் எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள்.